அனுப்புநர் பெயர்

இந்த இடத்துக்கு ஆள் வரும் தம்பி. துண்டு போட்டிருக்கிறேன் பாருங்கள், என் மகளுக்கு. இந்தப் பக்கம் காலிதான், உட்காருங்கள். உங்களுக்கு யார், அம்மாவா? டயாலிசிஸா? அப்படியென்றால் இப்போதைக்கு வெளியே விடமாட்டார்கள். மதுரைக்கு வைத்தியத்துக்கு வந்தால் பாதி வைத்தியம் பெஞ்சில்தான் நடக்கிறது.

ஒரு உதவி. ஒன்றுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன், இந்தப் பைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். வந்து ரொம்ப நேரமாக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் இரண்டு தடவைதான் போனேன்.

வந்துவிட்டேன். ஏ.சி. அதிகமாக இருந்தால் எனக்கு இப்படித்தான், அடிக்கடி வரும். மற்றபடி இந்த உடம்பில் ஒரு குறை கிடையாது. இந்தக் கால் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருக்கிறேனே, இது செருப்புக் கடி. ஆறமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். இந்த வயதில் கண்ணாடி போடாமல் பஞ்சாங்கம் படிப்பவன் நான். என்னைப் பார்த்து ஒரு டாக்டர், அதுவும் என் மகள் வயது இருக்கும், பத்துப் பேர் முன்னால் என்ன சொன்னாள் என்று கேட்டால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். எனக்கு எப்படி இருந்திருக்கும்? பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது.

மெதுவாகவே பேசுகிறேன். இங்கேயும் நம் ஊர்க்காரர்கள் வந்து போகிறார்கள்.

நான் தபால் இலாகாவில் இருந்தவன். ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றிப் பல ஊர்களில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றேன். பெயர் தெய்வநாயகம். பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, போஸ்ட்மாஸ்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். என் காலத்தில் ஒரு கவர் மாறிப் போனதில்லை, ஒரு பார்சல் பிரிந்து போனதில்லை. பசை விட்டு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் கவரைக்கூட, உள்ளே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒட்டி அனுப்பியவன் நான். "அடுத்தவன் லெட்டர் அடுத்தவன் பொண்டாட்டி மாதிரிய்யா, ஏறிட்டுப் பாக்கக்கூடாது" என்பார் எங்கள் பழைய இன்ஸ்பெக்டர். அந்தப் பள்ளியில் படித்தவன்.

அப்படிப்பட்டவனைப் பற்றி என் மகள் இன்று காலையில் என்ன சொன்னாள் தெரியுமா? என்னிடம் சொல்லவில்லை, அவள் என்னிடம் பேசுவதில்லை. அதோ அந்தக் கவுண்டரில் இருக்கிறதே ஒரு பெண், அதனிடம் சொன்னாள். "பாட்டில என் கையில குடுங்க சிஸ்டர். அவர் கையில குடுத்துறாதீங்க."

அவர்! அப்பா இல்லை, அவர்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தது. நான் சுவரில் ஒட்டியிருந்த கிட்னிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் மகள் பெயர் கோமதி. சங்கரன்கோவில் கோமதி அம்மனுக்கு வேண்டிப் பிறந்தவள். ராஜபாளையத்தில் பேங்க் உத்தியோகம். அவள் காலேஜில் சேர்ந்த வருஷம் என் மனைவி போய்விட்டாள். அதிலிருந்து நானும் அவளும்தான். சமையல் அவள், காய்கறி நறுக்குவது நான். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போன வருஷம் அவள் கன்னத்தில் சிவப்பாக ஒன்று வந்தது. முதலில் பரு என்றோம். பிறகு மூக்குக்கு மேலே ஏறி அந்தக் கன்னத்துக்கும் இறங்கியது. உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி கொட்டி, அந்த இடம் வழுவழுவென்று ஆனது. தெருவில் பேச ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் என்னை நிறுத்தி, "ஏன் சார், குஷ்டம் மாதிரி எதுவும் இல்லயே?" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அலர்ஜி என்றேன். அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் அலர்ஜி என்றேன்.

சங்கரன்கோவிலில் புற்றுமண் தருவார்கள், தெரியுமல்லவா? தோலில் எது வந்தாலும் அதைக் குழைத்துப் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். மண் குளிர்ச்சிதான், அதைக் குறை சொல்லமாட்டேன். அதோடு என் யோசனை ஒன்றையும் சேர்த்தேன். பேப்பரில் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் போட்டிருந்தார்கள், ஏ.சி.யில் வேலை பார்க்கிறவர்களுக்கு வெயில் படுவதில்லை, அதனால்தான் பாதி நோய் என்று. நம் பெண்ணும் நாள் முழுக்க ஏ.சி.யில் உட்காருகிறவள்தானே? அதனால் ஞாயிறு தோறும் முகத்தில் மண்ணைப் பூசி மொட்டை மாடியில் உட்கார வைத்தேன். உச்சி வெயிலில்.

"எரியுதுப்பா" என்பாள்.

"எரிஞ்சாத்தான் உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பேன். அவளுக்குத் துணையாக நானும் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு வெயில் ஆகாது.

சிவப்பு கருஞ்சிவப்பாக ஆனது. ஆன பிறகுதான் ராஜபாளையத்தில் தோல் டாக்டரிடம் போனோம். நான் சொன்னேனே, அந்த டாக்டரம்மாள். முதல் கேள்வியே, "வெயில்ல ரொம்ப நேரம் இருந்தியாம்மா?"

கோமதி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "பேங்குக்கு பஸ்ல போய் வர்றேன் மேடம். ஸ்டாப்ல கொஞ்ச நேரம் நிப்பேன்" என்றாள்.

மாடியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே என் மானம் போயிருக்கும். அப்படி வளர்த்திருந்தேன் தம்பி அவளை. அந்தப் பெண்தான் இன்றைக்கு என்னை அவர் என்கிறாள்.

டாக்டரம்மாள் கன்னத்தில் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு மிளகளவு சதையை எடுத்து சோதனைக்கு அனுப்பினாள். பயாப்ஸி. லூபஸ் என்று வந்தது. நம் உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே நம் உடம்பை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோயாம். ஒட்டாது, பரவாது. அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. எதிர்வீட்டு அம்மாளுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது பாருங்கள்.

"அப்ப தோல் வியாதிதான டாக்டர்?" என்றேன்.

"அத இனிமேதான் பாக்கணும் சார். தோலோட மட்டும் நிக்கிற லூபஸ் உண்டு. கிட்னி, மூட்டு, ரத்தம்னு உள்ள போற லூபஸும் உண்டு. தோல்ல எடுத்த துணுக்கு ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அத மட்டும் வச்சு எது எதுன்னு சொல்ல முடியாது."

"பின்ன எத வச்சுச் சொல்வீங்க?"

"ரத்தத்துல ஏ.என்.ஏ.ன்னு ஒண்ணு பாப்போம். அது தோலோட நிக்கிறவங்களுக்கும் வரும், அதனால அது வந்துட்டாலே பயப்பட வேண்டாம். இன்னும் ரெண்டு மூணு ரத்தப் பரிசோதனை இருக்கு, சென்னைக்கு அனுப்பணும், நாளாகும். அதுக்கு முன்னால சிறுநீர். கிட்னியில புரோட்டீன் ஒழுகுதான்னு அதுலதான் முதல்ல தெரியும்." பிறகு கோமதி பக்கம் திரும்பி, "சிறுநீர் நுரையா போகுதாம்மா? அடங்காத நுரை?" என்றாள்.

"கொஞ்ச நாளா அப்படித்தான் மேடம்" என்றாள் கோமதி. என்னிடம் சொன்னதே இல்லை.

"மாதவிலக்கு ஒழுங்கா வருதா?"

நான் சுவரில் இருந்த மருந்துக் கம்பெனி காலண்டரைப் பார்த்தேன். அவள் அம்மா இருந்திருந்தால் இதற்கெல்லாம் நான் அந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அந்தத் தண்ணீர் பாட்டிலை இப்படிக் கொடுங்கள். இல்லை, பெரியது. இந்த ஊர்த் தண்ணீர் குடிக்கக் குடிக்கத் தாகம்தான் எடுக்கிறது.

நடுவில் ஒன்று சொல்லாமல் விட்டேன். அப்போது அவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். தென்காசி. மாப்பிள்ளை இசக்கிராஜ், மின்வாரியத்தில் இன்ஜினீயர், நல்ல பையன். அவன் அப்பா சண்முகவேல், ரைஸ்மில் வைத்திருக்கிறார். பூ வைக்க வந்த அன்று பவுடரையெல்லாம் மீறி அவர் கண்ணில் பட்டுவிட்டது. மனிதர் பந்தியில் பேசவில்லை, என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் கேட்டார். லூபஸ் என்று ரிசல்ட் வந்ததும் போனில் சொன்னேன்.

"தோலுன்னா பாத்துக்கிடலாம் போஸ்ட்மாஸ்டரே" என்றார். "எங்க அக்காவுக்கு உடம்பெல்லாம் படை. பேரன் பேத்தி எடுத்துட்டா. உள்ளுக்குள்ள ஒண்ணுமில்லன்னு மட்டும் டாக்டர் வாயால கேட்டுச் சொல்லிரும் வே."

தோலா, உள்ளேயா? எனக்கு ராவும் பகலும் அதே நினைப்பு. கோமதிக்கும் அதே நினைப்புதான். ஆனால் அவள் கேட்டது வேறு மாதிரி. "எதுவா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சாப் போதும்ப்பா. தெரியாமக் கெடக்குறதுதான் பயமா இருக்கு" என்றாள். சின்னப் பெண், உலகம் தெரியாது. தெரிந்துவிட்டால் என்ன செய்வாள்? கல்யாணம் நின்றால் யார் வந்து நிற்பார்கள்?

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். சிறுநீர், காலையில் போகிற முதல் சிறுநீராக இருக்க வேண்டுமாம், மறுநாள் கொண்டுவரச் சொல்லி பாட்டில் கொடுத்திருந்தார்கள். மறுநாள் அவளுக்கு எழுந்திருக்கவே முடியவில்லை, விரல் மூட்டெல்லாம் வலி. ஆனாலும் எழுந்து, பாட்டிலில் பிடித்து, ஸ்டிக்கரில் பெயர், வயது எழுதி ஒட்டி, கவரில் போட்டு, அதை ஒரு துணிப்பையில் வைத்து என்னிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வாங்கினேன். அப்பனும் மகளும் கைமாற்றிக்கொள்கிற பொருளா அது?

"சாய்ச்சிராமக் கொண்டு போங்கப்பா" என்றாள்.

"ரிஜிஸ்தர் தபால் மாதிரி சேத்துர்றேன், நீ படு" என்றேன்.

டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் கடையில் நிறுத்தி பால்கோவா சாப்பிட்டேன். காலையில் வெறும் வயிற்றோடு போனால் எனக்குக் கை நடுங்கும். எங்கள் ஊரில் பிறந்துவிட்டு பால்கோவா சாப்பிடாமல் இருந்தால் ஆண்டாளே கோபித்துக்கொள்வாள். சாப்பிட்டு, டீ குடித்து, லேப் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பையில் இருந்து கவரை எடுத்தேன்.

பிரிக்கவில்லை தம்பி. அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். கவர் கண்ணாடி மாதிரி இருந்தது, தானாகத் தெரிந்தது. சோப்புத் தண்ணீரைக் குலுக்கி வைத்த மாதிரி மேலே நுரை. வண்டி குலுங்கியதில் வந்திருக்கும் என்று எதிரே இருந்த கடையில் இன்னொரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அடங்கவில்லை. அடங்காத நுரை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சொல்லுங்கள். பெற்றவன் கையில் அது இருக்கிறது. உள்ளே கொடுத்தால் அரை நாளில் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். அச்சில் வந்துவிட்டால் பிறகு அது ஊருக்குச் சொந்தம். அதே சமயம், நான் அப்போது குடித்த இரண்டு டீயும் சேர்ந்து எனக்கும் முட்டிக்கொண்டிருந்தது. லேப்புக்குப் பின்னால் ஒரு பாத்ரூம் இருந்தது.

அவ்வளவுதான் நடந்தது. பெரிய திட்டம் எதுவும் இல்லை. கொட்டினேன், குழாயில் அலசினேன், என்னுடையதைப் பிடித்தேன். ஸ்டிக்கர் நனையாமல் பார்த்துக்கொண்டேன். அவள் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். உறை அதே உறை, விலாசம் அதே விலாசம். உள்ளே இருந்தது என்னுடைய ஆரோக்கியம். அதைப் பெற்ற பெண்ணுக்குத்தானே கொடுத்தேன்? அடுத்தவளுக்கா கொடுத்தேன்?

சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கினேன். புரோட்டீன் என்று போட்டு நேராக, இல்லை. அதுதான் எனக்கு வேண்டியது. அதற்குக் கீழே சுகர் என்று ஒரு வரி, அதற்கு நேராக இரண்டு கூட்டல் குறி. லூபஸுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்? அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லேப் வாசலில் நின்றே தென்காசிக்குப் போன் போட்டேன். "சுத்தமா இருக்கு சம்பந்தி. தோலோட சரி" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது என்னுடையதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என் மகள் பெயருக்கு நேராக இல்லை என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தபோது அவளுக்கு நிஜமாகவே ஒன்றுமில்லை என்று தோன்றிவிட்டது.

வீட்டுக்கு வந்து அவளிடமும் சொன்னேன். "டாக்டரம்மாகிட்டயே காட்டிட்டு வந்துட்டேன். தோல் மட்டும்தானாம். களிம்பு தடவினாப் போதுமாம்."

"ரத்தம், சென்னைக்கு அனுப்புனதுப்பா?"

"அது வந்தாலும் இதுதானாம்."

அன்று ராத்திரி அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ரொம்ப நாளாகத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள், முகத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று. அன்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "எத்தன நாளாத் தூங்கலன்னு உங்களுக்குத் தெரியாதுப்பா. இன்னைக்குத் தூங்குவேன்" என்றாள். தூங்கினாள். எட்டிப் பார்த்தேன், வாயைத் திறந்துகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி தூங்கினாள். அந்தத் தூக்கத்தைக் கொடுத்தது யார்? டாக்டரா கொடுத்தார்?

சென்னை ரிசல்ட் வந்துவிட்டது என்று லேப்பில் இருந்து போன் வந்தது. என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கல்யாண வேலை, போக முடியவில்லை.

அலைச்சல் என்றால் அப்படி அலைச்சல். அதற்கு நடுவில் வீட்டுப் பாத்ரூமில் எறும்புத் தொல்லை வேறு. நான் போய்விட்டு வந்த கொஞ்ச நேரத்தில் சாரிசாரியாக வந்து மொய்க்கும். எறும்புப் பொடி போட்டுப் பார்த்தேன், மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், போகவில்லை. சம்பந்தி வீட்டார் வரும்போது இப்படியா என்று வெட்கமாக இருந்தது. ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்கள் வீட்டிலும் எறும்பு உண்டா?

சரி. ஆடி கழிந்தது, ஆவணியில் முகூர்த்தம். கோமதி முகம் காலையில் எழுந்தால் பூரித்துப்போய் இருக்கும். கண்ணுக்குக் கீழே பை மாதிரி. நான் கல்யாணக் களை என்று நினைத்தேன். எதிர்வீட்டு அம்மாளிடம்கூட சொன்னேன், "பொண்ணு முகத்துல கல்யாணக் களை வந்துருச்சு பாத்தீங்களா" என்று. கால் கொலுசு இறுகிப்போய் தோலில் பதிந்திருந்தது. சோப்புப் போட்டுக் கழற்றப் பார்த்தாள், வரவில்லை. என்னிடம் வந்து காலை நீட்டினாள். விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவில்லை.

"தோல் மட்டும்தானப்பா?" என்றாள்.

"தோல் மட்டும்தான்" என்றேன்.

மறுநாள் அவளே லீவு போட்டுவிட்டு டாக்டரம்மாளிடம் கிளம்பினாள். பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நானும் போகவேண்டியதாயிற்று. அங்கே முதலில் நர்ஸ் அவளைக் கூட்டிப்போய் சிறுநீர் எடுத்தாள், ரத்தமும் எடுத்தாள். லேப்பில் தூங்கிக்கொண்டிருந்த சென்னை ரிசல்ட்டையும் டாக்டரம்மாளே போன் போட்டு வரவழைத்தாள். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினாள். கதவைச் சாத்தவில்லை. அதைத்தான் நான் கேட்கிறேன். கதவைச் சாத்தியிருக்கலாம் இல்லையா? வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள்.

"முதல்ல எடுத்த சிறுநீர்ல புரோட்டீன் இல்ல, சுகர் ரெண்டு ப்ளஸ்" என்றாள் டாக்டரம்மாள். "இன்னைக்கு எடுத்ததுல புரோட்டீன் மூணு ப்ளஸ், சுகர் துளிகூட இல்ல. ரத்தத்துல அன்னைக்கும் உனக்குச் சுகர் இல்ல, இன்னைக்கும் இல்ல. சென்னை ரிசல்ட் அன்னைக்கே உள்ள போயிருச்சுன்னு சொல்லுது. இந்த ஒரு தாள் மட்டும் எதோடயும் சேரல. இது உன்னோடதுதானாம்மா?"

"நான்தான் மேடம் பிடிச்சுக் குடுத்தேன்."

"லேப்ல யாரு கொண்டு போய்க் குடுத்தா?"

"அப்பா" என்றாள் கோமதி. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். டாக்டரம்மாளும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவே இல்லை தம்பி. நான்தான், என் கெட்ட நேரம், எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன்:

"எனக்குச் சுகரெல்லாம் கிடையாது டாக்டர்!"

நர்ஸுக்கு முதலில் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள், தோள் குலுங்கியது. டாக்டரம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதிதான் கடைசியில் புரிந்துகொண்டாள். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விடுங்கள், அதைச் சொல்லவேண்டாம்.

"சார், நீங்க உடனே சுகர் டெஸ்ட் எடுத்துப் பாருங்க. ரெண்டு ப்ளஸ் கம்மி இல்ல" என்றாள் டாக்டரம்மாள். பத்துப் பேர் காதில் விழும்படி. "அன்னைக்கே வந்திருந்தா அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சிருப்பேன் சார். கிட்னி இவ்வளவு அடிவாங்க விட்டிருக்கமாட்டேன்." இங்கேயும் அதைத்தான் சொல்கிறார்கள். டாக்டர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், முன்னாலேயே வந்திருந்தால், முன்னாலேயே வந்திருந்தால் என்று. அது அவர்கள் வழக்கம்.

சுகர் எப்படி வந்தது என்று நான் யோசித்துப் பார்த்தேன். பால்கோவா சாப்பிட்ட கை. சரியாகக் கழுவாமல் பாட்டிலைப் பிடித்திருப்பேன். விரலில் ஒட்டியது உள்ளே விழுந்திருக்கும். இதை டாக்டரிடம் விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் வெளியே ஓடிவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோமதி பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் தென்காசிக்கு அவளே போன் போட்டாள். கிட்னியைப் பற்றிச் சொன்னாள், சரி, மறைக்க முடியாது. என்னைப் பற்றியும் சொன்னாள். அதை ஏன் சொல்லவேண்டும்? அது எங்கள் வீட்டுக்குள் நடந்த விஷயம் இல்லையா?

மறுநாளே சண்முகவேல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். காப்பி கொடுத்தேன், தொடவில்லை. "சீக்காளிப் பிள்ளையக்கூட வச்சுக் காப்பாத்திருவோம் வே" என்றார். "மருந்து இருக்கு, டாக்டர் இருக்கான். உம்மள எப்பிடிவே வச்சுக் காப்பாத்துதது? நாளைக்கு எம் பேரனுக்கு ஒண்ணுன்னாலும் நீரு பாட்டிலத் தூக்கிட்டு வந்து நிப்பீரே!"

இப்படி ஒரு சொல் யாராவது என்னைச் சொன்னதுண்டா? முகூர்த்தத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். ஊரில் கதை எப்படியோ கசிந்துவிட்டது. நர்ஸ் வாயாகத்தான் இருக்கும். இப்போது நான் டீக்கடைக்குப் போனால், "போஸ்ட்மாஸ்டர் சாருக்குச் சீனி கம்மியா போடுப்பா, அவரே கைவசம் வச்சிருக்காரு" என்கிறான் ஒருவன். கடையே சிரிக்கிறது. நானும் சேர்ந்து சிரிக்கிறேன். பிறகு வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொள்கிறேன்.

அந்தப் பையன் இசக்கிராஜ் மட்டும் அவளுக்கு இன்னும் போன் பண்ணுகிறான். மொட்டை மாடியில், பொழுது சாய்ந்த பிறகு, நின்று பேசுகிறாள். ஒரு நாள் சிரித்தாள்கூட. நான் கீழே படிக்கட்டில் நின்று கேட்டேன். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை, அடுத்தவர் பேச்சு நமக்கு எதற்கு? சிரிக்கிற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டை எடுத்து வைப்பாள், என் அறைக் கதவைத் தட்டுவாள், போய்விடுவாள். முதல் மாசம் கத்தினாலாவது தேவலை என்று இருந்தது. நாளைக்கு இங்கே கிட்னியிலேயே ஊசியை விட்டு ஒரு துணுக்கு எடுக்கப் போகிறார்கள். எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது, எந்த மருந்து கொடுக்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் சொல்வார்களாம். பயமாக இருக்கிறதாம்மா என்று கேட்க எனக்கு வாய் வரை வருகிறது. கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது என்று அப்படியே விழுங்கிவிடுகிறேன்.

எனக்கு என்ன வருத்தம் என்றால் தம்பி, அவள் இதில் பாட்டிலை மட்டும்தான் பார்க்கிறாள். கொண்டுபோய்ச் சேர்த்தவன் என்ன மனதோடு கொண்டுபோனான் என்று பார்க்கவில்லை.

இருங்கள், அதோ வருகிறாள். மஞ்சள் சுடிதார், தலையில் துப்பட்டா. இப்போதெல்லாம் வெயில் படாமல் போர்த்திக்கொண்டுதான் வெளியே வருகிறாள். நாம் இவ்வளவு நேரம் பேசியது தெரியவேண்டாம். நீங்கள் அந்தப் பக்கம் பாருங்கள்.

போய்விட்டாள். கேட்டீர்களா? உங்கள் காதிலும் விழுந்ததா? என்னிடம்தான் பேசினாள். அப்பா என்றாள். எத்தனை நாளாயிற்று தெரியுமா அந்தச் சொல்லைக் கேட்டு.

இதோ பாருங்கள். இதைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். காலி பாட்டில். எனக்காகச் சீட்டுப் போட்டிருக்கிறாளாம், ரத்தமும் எடுக்க வேண்டுமாம், இது முதலில். ஸ்டிக்கரைப் பாருங்கள். அதே கையெழுத்து, முத்து முத்தாக. தெய்வநாயகம் என்று என் பெயரை எழுதியிருக்கிறாள். வயதுகூடச் சரியாக எழுதியிருக்கிறாள். கையில் திணித்து என்ன சொன்னாள், நீங்களே கேட்டீர்கள்தானே? "இந்தத் தடவையாவது உங்க பேர்ல குடுங்கப்பா."

கவுண்டர்ப் பெண் இங்கேயே பார்க்கிறது. சிரிக்கிறதா? இல்லை. கோமதி அங்கே நின்று எனக்காகக் காத்திருக்கிறாள். போகத்தான் வேண்டும். அவள் கேட்டு நான் கொடுக்காமல் இருப்பேனா?

ஆனால் தம்பி, இது அச்சில் வந்துவிடுமே. இந்த முறை என் பெயருக்கு நேராகவே வந்துவிடுமே. ஊரில் இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதையும், அந்த டீக்கடைக்காரன், சண்முகவேல்...

கொஞ்சம் இப்படிக் கிட்டே வாருங்கள். நீங்கள் வாலிபப் பிள்ளை. பார்த்தால் நல்ல ஆரோக்கியமாகத் தெரிகிறீர்கள். உங்களுக்குச் சுகர் கிகர் ஒன்றும் கிடையாதே?